பூங்காவை நடத்துவது யார்? முதன்முறையாக உள்ளே வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூங்காவில் விளக்கு எரியவில்லை. காவலாளியிடம் சொன்னால், மின்பிரிவுதான் பார்க்க வேண்டும் என்பார். மின்பிரிவில் கேட்டால், பூங்காத் துறை எழுதிக் கொடுத்தால் வருகிறோம் என்பார்கள். பூங்காத் துறைக்குப் போனால், ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதிய ஒப்பந்ததாரர் வரட்டும் என்று பதில் வரும். மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஒரு பூங்காவுக்குப் பின்னால் பல கைகள் இருக்கின்றன. எந்தக் கை எதைச் செய்யும் என்று தெரியாமல் இறங்கும் நல்ல மனிதர்கள் அலைந்து அலைந்தே ஓய்ந்துபோகிறார்கள். அப்படி யாரும் ஓய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் பூங்காக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர், முதல்முறை வார்டு உறுப்பினராகத் தேர்வானவர், பூங்காத் துறையில் வேலையைத் தொடங்கியிருக்கும் இளைஞர், தன் தெருமுனைப் பூங்கா ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் ஆகியோருக்கு இது உதவும். எந்த ஊர்ப் பூங்காவாக இருந்தாலும் நான்கு கேள்விகளோடு தொடங்குங்கள். நிலம் யாருடையது? முடிவெடுப்பது யார்? பணம் எங்கிருந்து வருகிறது? அன்றாட வேலையைச் செய்வது யார்? நான்குக்கும் ஒரே பதில் கிடைக்கும் பூங்கா அபூர்வம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கங்களை ஒதுக்கி, கிடைக்கும் தகவலை அந்தந்தப் பக்கத்தில் தேதியோடு எழுதி வாருங்கள்.

முதல் படி: நிலத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயர்ப்பலகையில் மாநகராட்சி என்று இருப்பதால் மட்டும் நிலம் மாநகராட்சியுடையது ஆகிவிடாது. ரயில்வே, குடிநீர் வாரியம், மாநில அரசு, கோயில், அறக்கட்டளை என்று யாரிடமும் இருக்கலாம். லண்டனின் ஹைட் பார்க் உள்ளிட்ட எட்டு ராயல் பூங்காக்களின் நிலம் அரச உடைமை. 2017 முதல் அவற்றை நிர்வகித்து வருவதோ ஓர் அறநிறுவனம். அங்கே உள்ளூர் மன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுத்தால் அவரும் மனுவை வேறு இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

நிலப் பதிவேட்டைப் பாருங்கள். நகர வரைபடத்தில் அந்த இடம் என்னவென்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். யாராவது தானமாகக் கொடுத்த இடமாக இருந்தால் தானப் பத்திரத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அதில் ஒரு வரி இருந்தால், பின்னாளில் அந்த ஒரு வரியே பூங்காவைக் காப்பாற்றக்கூடும்.

பெங்களூரில் நகர வளர்ச்சித் திட்டத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மருத்துவமனை நல்ல காரியமாகவே இருந்தாலும் பூங்காவுக்கென்று ஒதுக்கியதை அப்படி மாற்றிவிட முடியாது, திறந்தவெளி என்பது மக்கள் நலனுக்காகக் காக்கப்பட வேண்டியது என்ற நிலையைத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. நியூயார்க் மாநிலத்தில் இது இன்னும் கடுமை. பூங்கா நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமானால் நகர நிர்வாகத்தின் விருப்பம் போதாது, மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். வான் கார்ட்லாண்ட் பூங்காவில் நிலத்துக்கு அடியில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்குக்கூட அந்த ஒப்புதல் தேவை என்று 2001இல் அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது. பெர்லினில் மூடப்பட்ட டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓடுபாதைகளில் இப்போது மக்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அதன் விளிம்புகளில் வீடுகள் கட்டும் திட்டத்தை 2014 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பு நிறுத்தியது.

மூன்று ஊர்களில் மூன்று வெவ்வேறு பாதுகாப்புகள். உங்கள் பூங்காவுக்கு எந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்பதைச் சிக்கல் வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். மரத்தை வெட்ட இயந்திரம் வந்து நின்ற பிறகு பத்திரம் தேடி ஓடுவது பெரும்பாடு.

இரண்டாம் படி: முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது?

உலகெங்கும் அதிகம் காணப்படும் அமைப்பு மாநகராட்சியின் ஒரு துறை. மேயரும் மன்றமும் கொள்கையையும் பட்ஜெட்டையும் தீர்மானிப்பார்கள், ஆணையரின் கீழ் துறைத் தலைவர் நடத்துவார். சாலை, வடிகால், மின்சாரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது இதன் வசதி. பணத் தட்டுப்பாடு வரும்போது முதலில் கைவைக்கப்படும் துறை பூங்காவாகத்தான் இருக்கும் என்பது இதன் ஆபத்து. குப்பை அள்ளாவிட்டால் மறுநாளே தெரு நாறும். பூங்காவைக் கவனிக்காமல் விட்டால் அது தெரிய இரண்டு வருடம் ஆகும். வெட்டுவதற்கு எது சுலபம் என்று நிதிப்பிரிவுக்குத் தெரியும்.

இந்த ஆபத்திலிருந்து தப்புவதற்காகப் பூங்காவைத் தனி அமைப்பிடம் ஒப்படைத்த நகரங்கள் உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1883 முதல் பூங்கா வாரியம் தனியாக இயங்குகிறது. அதன் ஒன்பது உறுப்பினர்களையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு பேர் பகுதிவாரியாக வருகிறார்கள், மூன்று பேர் நகரம் முழுவதற்கும் பொது. சொத்து வரியில் வாரியத்துக்கென்று தனிப் பங்கு வருகிறது. சிகாகோவில் 22 சிறு பூங்கா மாவட்டங்களை இணைத்து 1934இல் ஒரே அமைப்பாக்கினார்கள். அங்கே வாரிய உறுப்பினர்களை மேயர் நியமிக்கிறார். இரண்டுமே தனி வாரியங்கள்தான். ஆனால் ஒன்றில் உறுப்பினர் உங்கள் ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், மற்றொன்றில் மேயருக்கு. புதிதாக வருபவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது. சிங்கப்பூரில் 1996இல் இப்போதைய வடிவத்தைப் பெற்ற தேசியப் பூங்கா வாரியம் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சட்டப்பூர்வ வாரியம். தேர்தல் இல்லை, நீண்டகாலத் திட்டமிடல் உண்டு.

பிறகு அறக்கட்டளை வழி. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 1970களில் சீரழிந்து கிடந்தது. 1980இல் தொடங்கிய ஒரு தனியார் தொண்டு அமைப்பு அதை மீட்டெடுத்து, நகரத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இன்றுவரை பராமரிக்கிறது. செலவின் பெரும்பகுதியை நன்கொடையாகத் திரட்டுவதும் அந்த அமைப்புதான். ஆனால் நிலம் நகரத்துடையதே, கொள்கை முடிவும் நகரத்தின் கையில்தான். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் 1992 முதல் பூங்காக்களை ஓர் அறக்கட்டளை நீண்ட குத்தகையில் வைத்திருக்கிறது. தொடங்கும்போதே அதற்கு வணிகக் கட்டடங்களைக் கொடுத்துவிட்டார்கள், அவற்றின் வாடகையில் பூங்கா வாழ்கிறது.

எது சிறந்தது என்று என்னிடம் கேட்டால், தனி வருமானமும் தேர்தலும் உள்ள வாரியத்தைச் சொல்வேன். பணம் வேறு துறைக்குத் திரும்பாது, கேள்வி கேட்க ஒரு முகம் இருக்கும். ஆனால் மழைநீர் வடிகால் ஒருவரிடமும் பூங்கா இன்னொருவரிடமும் இருந்தால் வெள்ளக் காலத்தில் கடிதப் போக்குவரத்துதான் நடக்கும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். அறக்கட்டளை வழி பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. பெரிய வீடுகளுக்கு நடுவே இருக்கும் பூங்காவுக்கு நன்கொடையாளர்கள் கிடைப்பார்கள். தொழிலாளர் குடியிருப்பின் நடுவே இருக்கும் அரை ஏக்கர் பூங்காவுக்கு யார் கொடுப்பார்கள்? ஒரு பூங்கா நன்றாக ஆனதைப் பார்த்து எல்லாப் பூங்காக்களையும் அப்படிக் கொடுத்துவிடலாம் என்று யாராவது உங்கள் கூட்டத்தில் சொன்னால், இந்தக் கேள்வியைத் தயங்காமல் எழுப்புங்கள்.

உங்கள் ஊரில் இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. கடைசியாகப் பூங்காவில் நடந்த பெரிய மாற்றம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய நடைபாதையோ, மூடப்பட்ட வாயிலோ, கட்டணமோ எதுவானாலும் சரி. அதற்கான தீர்மானம் எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது, கையெழுத்து யாருடையது என்று கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் தேடுங்கள். அமைப்பு வரைபடம் காட்டாத உண்மையை அது காட்டும்.

மூன்றாம் படி: பராமரிப்புப் பணத்தைத் தேடிப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள். பூங்காவின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது.

பட்ஜெட்டில் இரண்டு வகைச் செலவு இருக்கும். ஒருமுறை செய்யும் மூலதனச் செலவு: நிலம், சுற்றுச்சுவர், நீரூற்று, விளையாட்டுக் கருவிகள். ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் பராமரிப்புச் செலவு: சம்பளம், தண்ணீர், மின்கட்டணம், கத்தரிப்பு, பழுது. முதல் வகைக்குக் கடன், மானியம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று பல கதவுகள் திறக்கும். திறப்பு விழா இருக்கும், கல்வெட்டு இருக்கும். இரண்டாவது வகைக்கு விழா கிடையாது. யாரும் கல்வெட்டில் "இந்தக் குழாய் பத்து வருடமாகச் சொட்டவில்லை" என்று பொறித்துக்கொள்வதில்லை.

சட்டங்களே இந்தச் சாய்வைக் கூட்டுவதும் உண்டு. கலிஃபோர்னியாவில் புதிய குடியிருப்புகள் கட்டுபவர்கள் பூங்காவுக்கு நிலமோ பணமோ கொடுக்க வேண்டும் என்று உள்ளூர் அரசுகள் விதிக்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தப் பணத்தை அன்றாடப் பராமரிப்புக்குச் செலவிட முடியாது. ஆக, பூங்காக்கள் கூடும், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் கைகள் அதே வேகத்தில் கூடாது.

எனவே எந்தப் புதிய திட்டம் வந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதை ஆண்டுக்கு ஆண்டு பராமரிக்க எவ்வளவு ஆகும், அது எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது? நீரூற்றுக்கு மோட்டார், மின்சாரம், வடிகட்டி சுத்தம் செய்ய ஓர் ஆள். செயற்கைப் புல் மைதானத்துக்குச் சில ஆண்டுகளில் மொத்த விரிப்பையும் மாற்றும் செலவு. கழிப்பறைக்குத் துப்புரவுப் பணியாளரும் தண்ணீர் இணைப்பும். பதில் எழுத்தில் இல்லையென்றால் அந்தத் திட்டத்துக்குக் கை தூக்காதீர்கள். நல்ல மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு கொடுக்கும் நன்கொடைக்கும் இதே விதி.

அடுத்து வருமானப் பக்கம். பூங்காவுக்குள் இருக்கும் சிற்றுண்டிக் கடை வாடகை, நிகழ்ச்சிகளுக்கான கட்டணம், வாகன நிறுத்தக் காசு எல்லாம் எங்கே போகிறது? பல ஊர்களில் அது பொதுக் கணக்கில் கலந்துவிடும், பூங்காவுக்குத் திரும்பி வராது. நியூயார்க்கின் பிரையன்ட் பார்க் 1992இல் சீரமைத்துத் திறக்கப்பட்டது முதல் சுற்றியுள்ள கட்டட உரிமையாளர்கள் தரும் பங்கும் அங்கே ஈட்டும் வருமானமும் அந்தப் பூங்காவுக்கே போகிறது. பூங்கா நன்றாக இருந்தால் சுற்றியுள்ள இடத்தின் மதிப்பு ஏறும் என்பது பழைய அனுபவம். 1847இல் திறந்த இங்கிலாந்தின் பர்கன்ஹெட் பூங்காவே ஓரங்களில் வீட்டுமனைகளை விற்று வந்த பணத்தைக் கொண்டு உருவானது. ஏறிய மதிப்பில் ஒரு பங்கைப் பூங்காவுக்குத் திருப்பும் வழி உங்கள் ஊர்ச் சட்டத்தில் இருக்கிறதா என்று நிதிப்பிரிவில் கேளுங்கள்.

பணம் எந்தப் பகுதிக்கு முதலில் போகிறது என்பது அடுத்த கேள்வி. அதிகம் குரல் கொடுக்கும் பகுதிக்கே போவது எங்கும் நடப்பது. மினியாபொலிஸ் 2016இல் அக்கம்பக்கப் பூங்காக்களுக்கு இருபதாண்டு நிதித் திட்டம் ஒன்றை வகுத்தபோது, பகுதி மக்களின் வறுமையும் இனப் பின்னணியும், கருவிகளின் பழைமை போன்ற அளவுகோல்களை வெளிப்படையாக அறிவித்து, அந்த மதிப்பெண் வரிசைப்படி பணத்தைக் கொடுக்க முடிவு செய்தது. யார் வேண்டுமானாலும் பட்டியலைப் பார்க்கலாம். எந்த ஊரும் செய்யக்கூடிய காரியம் இது, பெரிய பணமும் தேவையில்லை.

நான்காம் படி: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

துறையின் நிரந்தரத் தோட்டக்காரர்கள் குறைந்து, ஒப்பந்தப் பணியாளர்கள் கூடிவரும் காலம் இது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பூங்காவில் நடக்கும். டெண்டர் ஆவணத்தையும் வேலைப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.

"மாதம் இரண்டு முறை புல் வெட்ட வேண்டும்" என்று எழுதியிருந்தால், மழைக்காலத்தில் முழங்கால் உயரம் வளர்ந்தாலும் இரண்டு முறைதான். கோடையில் காய்ந்து கிடக்கும்போதும் இரண்டு முறை இயந்திரம் ஓடிப் புழுதி கிளப்பும். "புல்லின் உயரம் இந்த அளவைத் தாண்டக் கூடாது" என்று எழுதியிருந்தால் பொறுப்பு ஒப்பந்ததாரரிடம் போகிறது. ஆனால் அளந்து பார்க்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காமல் இரண்டாவது வகை ஒப்பந்தம் போடுவதில் பயனில்லை.

ஒப்பந்தத்தின் ஒரு வரி ஒரு மரத்தை எப்படிக் கொல்லும் என்று பார்க்க வேண்டுமானால், புதிதாக நட்ட ஒரு மரத்தின் அருகே குனிந்து தண்டின் அடியைப் பாருங்கள். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பட்டை உரிந்து வெளிறிய வளையம் தெரிந்தால், அது புல்வெட்டியின் நைலான் கயிறு உரசிய காயம். சதுர மீட்டர் கணக்கில் கூலி கிடைப்பதால் வேகமாக வெட்டிக்கொண்டு போகிறவருக்கு மரத்தருகே நிதானிக்க நேரம் இருக்காது. பட்டை சுற்றிலும் அறுபட்டால், இலைகளில் உருவாகும் உணவு வேருக்கு இறங்காது, மரம் மெல்லச் சாகும். அடுத்த ஆண்டு "மரம் நடும் திட்டம்" என்று இன்னொரு பட்ஜெட் வரும். தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் இயந்திரம் போகக் கூடாது, அங்கே காய்ந்த இலை மூடாக்குப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும். தொழிலாளரைத் திட்டி இதைச் சரிசெய்ய முடியாது, தாளில்தான் சரிசெய்ய வேண்டும்.

விளையாட்டுக் கருவிகளுக்கு ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் தரநிலை மூன்று அடுக்குச் சோதனையைச் சொல்கிறது: அடிக்கடி கண்ணால் பார்ப்பது, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்கிப் பார்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறை முழுமையான ஆய்வு. இந்த மூன்றும் யார் செய்கிறார்கள், பதிவேடு எங்கே என்று கேளுங்கள். நீங்களும் பார்க்கலாம். ஊஞ்சலின் மேல் கொக்கியை அண்ணாந்து பாருங்கள். வளைவின் உள்பக்கம் பளபளத்து மெலிந்திருந்தால் இரும்பு தேய்ந்துகொண்டிருக்கிறது. பிறகு ஊஞ்சலுக்கு நேர் கீழே பாருங்கள். குழந்தைகளின் கால் உரசி உரசி அங்கே மணல் விலகிக் குழி விழுந்திருக்கும். மற்ற இடமெல்லாம் மணல் இருந்து, விழக்கூடிய அந்த இடத்தில் மட்டும் கெட்டித் தரை தெரியும். மணலை இழுத்து நிரப்புவது சில நிமிட வேலை, அது யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லாததால்தான் நடப்பதில்லை.

பணியாளர்களை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒரு குழு வண்டியில் வந்து பூங்கா பூங்காவாகப் போவது ஒரு முறை. இடத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு பகுதியைக் கொடுப்பது இன்னொரு முறை. 843 ஏக்கர் சென்ட்ரல் பார்க்கை 1990களில் 49 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். எந்த இடம் கெட்டாலும் யாரிடம் கேட்பது என்று தெரியும். நல்ல இடத்தைப் பார்த்து யாரைப் பாராட்டுவது என்றும் தெரியும். இந்த இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் இடம் என்று ஒன்று இருக்கும் தோட்டக்காரரின் கையில் செடி வேறு மாதிரி வளர்கிறது.

ஐந்தாம் படி: மேலாண்மைத் திட்டம் இருக்கிறதா?

ஒவ்வொரு பூங்காவுக்கும் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த ஐந்தாண்டில் என்ன செய்யப்போகிறார்கள் என்று ஓர் ஆவணம் இருக்க வேண்டும். நன்கு பராமரிக்கப்படும் பூங்காக்களுக்காக இங்கிலாந்தில் 1990களில் தொடங்கிய பச்சைக்கொடி விருதுக்கு விண்ணப்பிக்க இது இல்லாமல் முடியாது. உங்கள் பூங்காவுக்கு இல்லையென்றால், மரங்கள், இருக்கைகள், குழாய்கள், விளக்குகள், வடிகால் வாய்கள் ஆகியவற்றின் எளிய பட்டியலை நீங்களே தொடங்குங்கள். எண்ணி, படம் எடுத்து, வரைபடத்தில் குறித்தால் போதும். அதிகாரிகள் இதை வரவேற்பார்கள். பல இடங்களில் அவர்களிடமே அந்தப் பட்டியல் இருக்காது.

ஆறாம் படி: கேட்பதைச் சரியான நேரத்தில் கேளுங்கள்

பழுது வேறு, கோரிக்கை வேறு. உடைந்த இருக்கை பழுது. அதைப் புகார்ப் பிரிவில் எண் வாங்கிப் பதிவு செய்யுங்கள், படமும் இடக்குறிப்பும் சேருங்கள், ஒரு புகாரில் ஒரே விஷயம். ஐந்து பிரச்சினைகளை ஒரே கடிதத்தில் எழுதினால் ஒன்றைச் சரிசெய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். புதிய இருக்கை வேண்டும் என்பது கோரிக்கை. அது பட்ஜெட் தயாரிக்கும் மாதங்களில் போக வேண்டும், நிதியாண்டு தொடங்கிய பிறகு போனால் அடுத்த ஆண்டுதான். விதி மாற்றம், உதாரணமாகப் பூங்கா திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது, மூன்றாவது வகை. அதற்குத் தீர்மானம் வேண்டும், ஆகவே வார்டு உறுப்பினரிடம் பேச வேண்டும்.

கோரிக்கை எழுதும்போது யாருக்காகக் கேட்கிறீர்கள் என்பதைக் காட்டுங்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள்தான் பெரும்பாலும் கூட்டத்துக்கு வருவார்கள். மாலையில் பந்து விளையாடும் பையன்களும், கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும், மதியம் நிழலில் படுத்திருக்கும் கூலித் தொழிலாளியும் வருவதில்லை. அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுங்கள். மூன்று வெவ்வேறு வேளைகளில் உட்கார்ந்து யார் எந்த இடத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக் குறித்தால், கையெழுத்துப் பட்டியலைவிட அது வலுவான சான்று. பெண்கள் எந்த நேரத்துக்குப் பிறகு வருவதில்லை என்று அந்த எண்ணிக்கையில் தெரிந்தால், விளக்கு எங்கே வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: குழுவாகச் சேர்ந்தால் எழுத்தில் வையுங்கள்

பூங்கா நண்பர்கள் குழு தொடங்குவது நல்ல காரியம். தொடங்குவதற்கு முன் துறையோடு ஒரு பக்க ஒப்பந்தமாவது போட்டுக்கொள்ளுங்கள். குழு எதைச் செய்யலாம், எதற்கு முன் அனுமதி வேண்டும், கருவிகள் யாருடையவை, தன்னார்வலருக்கு அடிபட்டால் பொறுப்பு யார், நன்கொடை எந்தக் கணக்கில் போகும், கணக்கை யார் தணிக்கை செய்வார் என்பவை அதில் இருக்க வேண்டும். தன்னார்வலர்கள் வருவதைக் காரணம் காட்டிப் பணியாளர் எண்ணிக்கையைக் குறைக்க மாட்டோம் என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் அன்பே ஒரு தோட்டக்காரரின் வேலையைப் பறித்துவிடும்.

பூங்காவைப் பூட்டி வைத்தால் சுத்தமாக இருக்கும், அடையாள அட்டை கேட்டால் கூட்டம் குறையும் என்ற பேச்சு இத்தகைய குழுக்களில் கட்டாயம் எழும். குழுவின் வேலை பராமரிப்பில் உதவுவது, யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது அல்ல என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

கடைசியாக, நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பட்ஜெட் கருத்துக்கேட்புக் கூட்டம், இப்போதைய பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் நாள், கருவிகளின் அடுத்த ஆண்டு ஆய்வு. ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே புதிய டெண்டரின் வாசகம் தயாராகத் தொடங்கிவிடும். புல்லின் உயரம், தண்டைச் சுற்றிய வட்டம், ஊஞ்சலடி மணல் பற்றிய வரிகளோடு அந்தச் சமயத்தில் துறைப் பொறியாளரைப் போய்ப் பாருங்கள்.